தென்னார்க்காட்டுப் போர்ப்பாதைகள்: கிழட்டுச் சேனாபதியும் அவருடைய மாட்டு மந்தையும்

சென்ற இதழில், 1751 ஜூலையில் ராபர்ட் கிளைவும் ஜார்ஜ் பிகட்டும் திருச்சிராப்பள்ளிக்குப் போகவேண்டிய தளவாடங்களை நம் விருத்தாசலத்துக் கோயில்வரை கொண்டுவந்து சேர்த்துவிட்டு, ஒரு சில சிப்பாய்களுடன் கடற்கரைக்குத் திரும்பும் வழியில் பாளையக்காரர் ஆட்களின் துப்பாக்கிக்கு இலக்காகி, குதிரைகளின் கால்வேகத்தால் மட்டும் உயிர் பிழைத்த கதையைப் பார்த்தோம். இந்த இதழில் சரியாக முப்பது வருஷங்களைத் தாண்டி 1781 க்கு வருகிறோம். இடம் வெகுதூரத்தில் இல்லை. விருத்தாசலம் கோயிலை ஒட்டி ஓடும் மணிமுத்தாறு கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கலந்து, அந்த வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறதே, அந்தக் கழிமுகத்துக்குப் பக்கத்திலுள்ள மணல்மேடுகள்தான் இவ்வாரக் கதையின் உச்சக்கட்டம் நடந்த இடம். ஆயினும் நான் இங்கே சொல்ல விரும்புவது யுத்தத்தைப் பற்றியன்று. யுத்தத்துக்கு வந்த ஒரு கிழவரைப் பற்றியும், அவருடைய பீரங்கிகளை இழுத்துவந்த எருதுகளைப் பற்றியும்தான்.

அந்தக் கிழவர் மைசூரை ஆண்ட ஹைதர் அலி. அவர் பெயரைச் சொன்னதும் நம் பக்கத்து முதியோர் நினைவில் எழுவது, அவர் படையெடுப்பின் அழிவைக் குறிக்கும் ‘ஐதர் கலாபம்’ என்ற சொற்றொடர். பாடப்புத்தகம் படித்தவர்களுக்கு நினைவு வருவது உருவிய வாளும் தலைப்பாகையுமாக ஒரு படம். இரண்டும் பொய்யல்ல. ஆனால் வாளை உறையிலிருந்து எடுப்பதற்கு முன்னால், அந்த வாளையும் அதை ஏந்தியவரையும் அவருக்குப் பின்னே வரும் பெருஞ்சேனையின் அரிசி மூட்டையையும் வெடிமருந்துப் பெட்டியையும் நூறு மைலுக்கு அப்பாலிருந்து சுமந்துவந்து சேர்க்க வேண்டியிருந்தது என்பதையும், அந்தச் சுமையின் ரகசியத்தை அக்காலத்து இந்தியாவில் அவரளவுக்கு அறிந்தவர் வேறு ஒருவரும் இலர் என்பதையும் சரித்திரக்காரர்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த ஒரு வரியைத்தான் இங்கே சற்று விரித்துச் சொல்லப் பார்க்கிறேன்.

கோலார்ப் பிரதேசத்துப் பூதிக்கோட்டையில் 1720 ஐ ஒட்டிப் பிறந்தவர் ஹைதர். தகப்பனார் ஃபத்தே முகம்மது சீரா நவாபின் படையில் சேவகம் செய்து, பிள்ளைகள் பால்யம் தாண்டுவதற்கு முன்பே சண்டையில் மாண்டார். அவர் விட்டுச்சென்ற கடனை வசூல் செய்வதற்காக, ஓர் அதிகாரி அந்தச் சிறுவனையும் அவன் தமையனையும் பெரிய நகாரா ஒன்றுக்குள் அடைத்து, மேலே தோலை இழுத்துக் கட்டி, பறையை அடித்து அவர்களை வதைத்தான் என்று அவர் குடும்பத்துக்கு வேண்டியவரான கிர்மானி எழுதிவைத்திருக்கிறார். தமையன் மைசூர்ச் சேனையில் இடம் பிடித்ததும் தம்பியும் அதன் நிழலில் ஒதுங்கினார். 1749 இல் தேவனஹள்ளி முற்றுகையில்தான் அவர் பெயர் முதன்முதலாக மேலிடத்தார் காதில் விழுந்தது. எழுதப் படிக்கத் தெரியாது. பிற்காலத்தில் ஒரு ராஜ்யத்துக்கே அதிபதியான பிறகும், தம் பெயரின் முதலெழுத்தைக் கிறுக்குவதற்கு மேல் அவர் கற்றுக்கொள்ளவில்லை. அதையும் தலைகீழாகவே எழுதினார் என்பார்கள்.

அவருடைய கல்விச்சாலை திண்டுக்கல். 1755 இல் அந்தச் சீமைக்குப் பௌஜுதாராக, அதாவது படையதிகாரியாக, அனுப்பப்பட்டபோது, பழனி, விருப்பாட்சி முதலிய பாளையங்களை அடக்குவது அவருக்கு இட்ட வேலை. பாளையக்காரனை மலைக்குத் துரத்திப் பிடிப்பது எளிதன்று. ஆனால் அவனுடைய ஐசுவரியம் மலையில் இல்லை, அடிவாரத்துப் புல்வெளியில் நான்கு காலில் நின்று மேய்ந்துகொண்டிருக்கிறது என்பதை ஹைதர் முதல் பார்வையிலேயே கண்டுகொண்டார். மைசூர்ச் சரித்திரத்தை எழுதிய கர்னல் வில்க்ஸ், இக்காலத்து ஹைதரின் முறைகளை ரசித்தும் வெறுத்தும் விவரித்திருக்கிறார்: ஆடுமாடு, தானியம், துணிமணி, காதணி என்று கையில் சிக்கியதையெல்லாம் வாரிக்கொள்வதும், கொள்ளையடித்தவனுக்குப் பாதி, தலைவனுக்குப் பாதி என்று பங்கு வகுப்பதும், அந்தப் பங்கில் ஒரு காசு தவறாதபடி கந்தேராவ் என்ற பிராமணக் கணக்கரை வைத்துப் பேரேடு எழுதுவதும். படிப்பில்லாதவர் கையில் கணக்கு இவ்வளவு சுத்தமாக இருந்தது என்பது ஒரு விசேஷம். சர்க்காருக்குக் காட்டிய கணக்கோ வேறு மாதிரி. காயம்பட்ட வீரன் குணமாகும்வரை மாதம் பதினான்கு ரூபாய் வீதம் படி உண்டு. ஒரு சண்டையில் உண்மையாகவே காயம்பட்டவர்கள் 67 பேர். ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து தணிக்கைக்கு வந்தவர் கண்முன்னே வரிசையில் கிடந்தவர்களோ 700 பேர். எல்லோருடைய கையிலும் காலிலும் மஞ்சளில் தோய்த்த துணிக்கட்டு. வந்தவர் எண்ணிப் பார்த்தாரே தவிர, கட்டை அவிழ்த்துப் பார்க்கவில்லை.

1761 க்குள் மைசூர் ராஜ்யம் அவர் கைக்கு வந்துவிட்டது. சிங்காதனத்தில் உடையார் குலத்து அரசர் இருந்தார். அதிகாரம் ஹைதரிடம் இருந்தது. அந்த ராஜ்யத்தோடு அவருக்குக் கிடைத்த சொத்துக்களுள் ஒன்று, சிக்கதேவராய உடையார் (1672–1704) காலத்திலிருந்து அரண்மனைக்குப் பாலும் வெண்ணெயும் தருவதற்காகப் பராமரிக்கப்பட்டுவந்த அரசாங்க மாட்டு மந்தை. ‘பெண்ணெ சாவடி’ என்று அதற்குப் பெயர். அரண்மனைக்காரர்கள் அதில் மோரைக் கண்டார்கள். ஹைதர் அதில் பீரங்கி வண்டியைக் கண்டார். பால் கறப்பதற்கென்று வைத்திருந்த அந்தப் பசுக்களின் வயிற்றில் பிறக்கும் காளைக்கன்றுகள், ஹள்ளிகார் வம்சத்தைச் சேர்ந்தவை. சாம்பல் நிறம், குறுகி நீண்ட முகம், பின்னோக்கி வளைந்து மேலே எழும் கூர்மையான கொம்பு, ஒல்லியான உடல், கெட்டியான குளம்பு, பொல்லாத கோபம். பால் என்னவோ சொற்பந்தான். நடையில் அவற்றுக்கு நிகராக வேறு மாடு தென்னாட்டில் இருந்ததில்லை. பாளையங்களை ஒவ்வொன்றாக அடக்கும்போது அங்கிருந்த நல்ல மாடுகளையும் மேய்ச்சல் நிலங்களையும் இந்த மந்தையோடு சேர்த்துக்கொண்டே வந்தார் ஹைதர். திண்டுக்கல்லில் கொள்ளைப் பொருளாக இருந்த மாடு, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ராஜாங்கத்தின் அங்கமாயிற்று.

அந்த மந்தை வளர்ந்த முறையைச் சற்று கிட்டத்தில் நின்று பார்ப்பது பயனுள்ளது. ‘காவல்’ என்று கன்னடத்தில் சொல்லப்படும் மேய்ச்சல் காடுகள், ராஜ்யம் முழுவதும் பரவலாக, குடிகளின் மாடு நுழையாதபடி ஒதுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு மந்தைக்கும் மழைக்காலத்துக்கு ஒன்று, பனிக்காலத்துக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று என்று மூவகைக் காவல் உண்டு. கோடைக் காவல் ஏரிக்கரையும் மரநிழலும் உள்ள இடமாக இருக்கும். கொட்டகை கிடையாது, கட்டுத்தறி கிடையாது, தீவனத் தொட்டி கிடையாது. வெயிலிலும் மழையிலும், காவலிலிருந்து காவலுக்கு நடந்து நடந்து, பாதி காட்டுமிருகமாகவே கன்று வளரும். பழகாத ஆள் கிட்டே போனால் முட்டித் தள்ளும். காளைக்கன்றுகளுக்கு மூன்று நான்கு வயதான பிறகு, குளிர்காலத்தில் ஓரிடத்தில் வளைத்துப் பிடித்துக் காயடிப்பார்கள். பிறகு சில காலம் ஆறவிட்டு, கழுத்தில் கயிறு போட்டு, பழகிய கிழட்டு எருது ஒன்றோடு இணைத்துக் கட்டி, அதனோடு நடக்கவும் நிற்கவும் படுக்கவும் கற்பித்து, அதன் பின்னரே நுகத்தைக் காட்டுவார்கள். அவசரப்பட்டு இளங்கன்றை வண்டியில் பூட்டும் வழக்கம் அங்கே இருந்ததில்லை. அப்படிப் பக்குவப்பட்டு வந்த எருது பன்னிரண்டு வயது வரை முழுப் பலத்தோடு உழைத்து, அதற்கு மேலும் சில ஆண்டு பாரம் இழுக்கும்.

இத்தனைக்கும் மேலே இருந்து பார்த்தவர் எப்படிப்பட்ட உழைப்பாளி என்பதற்கு நமக்கு ஒரு நல்ல சாட்சி உண்டு. தஞ்சாவூரிலும் திருச்சிராப்பள்ளியிலும் வாழ்ந்து, தமிழிலே பேசிப் பிரசங்கம் செய்த ஜெர்மானியப் பாதிரியார் சுவார்ட்ஸ், 1779 இல் சென்னை ஆளுநரின் தூதராக ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போய்வந்தார். அங்கே அவர் கண்ட காட்சி: ஹைதர் ஒருவரைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தின் விஷயத்தைச் சொல்லி எழுதச் செய்கிறார்; எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறார்; பிறகு வேறொருவரைக் கூப்பிட்டு அதையே மறுபடி வாசிக்கச் செய்கிறார்; இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எழுதியவர் தலைக்கு ஆபத்து. படிக்கத் தெரியாத குறையை அவர் இப்படி நிரப்பிக்கொண்டார். காரியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளியில்லாமல், வெகுவேகத்தில் நடந்தன. அலட்சியமாக இருந்த அதிகாரிக்குக் கசையடி. பந்துவானாலும் அதே அடி. கசை ஏந்திய ஆட்கள் இருநூறு பேர் எப்போதும் ஆயத்தமாக நின்றார்களாம். இப்படிப்பட்ட எஜமானனின் கீழே, மாட்டுக் காவலில் ஒரு கன்று காணாமற்போனால் கணக்கு எழுதுபவரின் முதுகு என்ன பாடுபட்டிருக்கும் என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம். அவர் பக்தர்கள் இதை ஒழுங்கு என்பார்கள். பயம் என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது; ஆனால் அந்தப் பயத்தினால் வேலை நடந்தது என்பதை மறுக்க முடியாது.

1780 ஜூலையில் ஹைதரின் சேனை ஆங்கிலேயருக்கு எதிராகச் செங்கம் கணவாய் வழியாக நம் சமவெளிக்கு இறங்கியது. எண்பதினாயிரம் பேருக்கு மேல் என்றும், பீரங்கிகள் நூறு என்றும் சொல்வார்கள். செப்டம்பர் 10 இல் பொள்ளிலூரில் ஆங்கிலேயக் கர்னல் பெய்லியின் படை நாசமாயிற்று. நவம்பரில் ஆர்க்காடு விழுந்தது. அதைவிடப் பெரிய கொடுமை, ஆங்கிலேயருக்கு ஒரு படி அரிசியும் ஒரு ஜோடி மாடும் கிடைக்கலாகாது என்பதற்காக, சென்னையைச் சுற்றிப் பெரு வட்டமாக ஊர்களைக் கொளுத்தி, ஏரிகளை உடைத்து, குடிகளையும் கால்நடைகளையும் ஓட்டிக்கொண்டு போனதுதான். எட்மண்ட் பர்க் 1785 இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் இந்தப் பேரழிவைப் பற்றிப் பேசியது இன்றும் பிரசங்கக் கலைக்கு உதாரணமாகக் காட்டப்படுகிறது. சென்னையில் பஞ்சம் வந்து, 1782 இல் கஞ்சி ஊற்றுவதற்காகத் தோன்றிய மணியக்காரர் சத்திரம் அந்த நாளின் வடு. மாட்டின் அருமையை மற்றெல்லோரையும்விட நன்றாக அறிந்த மனிதர், அதே காரணத்தால், உழவனிடமிருந்து எதைப் பறித்தால் அவன் மறுபடி எழுந்திருக்க மாட்டான் என்பதையும் நன்றாகவே அறிந்திருந்தார். ஏரைப் பறிப்பதில் பிரயோஜனமில்லை, வேறு செய்துகொள்வான். எருதைப் பறித்தால் மூன்று நான்கு வருஷத்துக்குத் தரிசு. தென்னார்க்காட்டுக் குடியானவன் ஹைதரை மன்னிக்காததற்கு நியாயம் இருக்கிறது.

இதே காலத்தில் தஞ்சாவூர்க் கோட்டைக்குள்ளே பசி. வெளியே கிராமங்களில் நெல் இருக்கிறது. அதை உள்ளே கொண்டுவர மாடு இல்லை. மாடு வைத்திருந்த குடிகள் தரமாட்டோம் என்றார்கள். முன்னே பலமுறை மாட்டையும் நெல்லையும் வாங்கிக்கொண்டு அரசாங்கத்தார் காசு தராமல் ஏய்த்திருந்தார்கள். கடைசியில் ராஜா அந்தச் சுவார்ட்ஸ் பாதிரியாரையே கூப்பிட்டு, உம் வாக்கையாவது நம்புகிறார்களா பாரும் என்று சொல்லி அனுப்பினார். பணத்துக்கு நான் பொறுப்பு என்று அவர் எழுதிய மாத்திரத்தில் இரண்டொரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்து நின்றன. எண்பதினாயிரம் கலம் நெல் கோட்டைக்குள் போயிற்று. பிறகு அவர் ஒவ்வொருவருக்கும் பணத்தை எண்ணிக் கொடுத்து, மேலே சிறிது சன்மானமும் அளித்து வீட்டுக்கு அனுப்பினார். அந்த யுத்தத்தில் மாட்டைப் பயமுறுத்திப் பெறாமல் கேட்டுப் பெற்றவர் அவர் ஒருவரே என்று நினைக்கிறேன்.

ஹைதருக்கு எதிர்ப்பக்கத்தில் நின்றவர் ஆங்கிலேயத் தளபதி சர் அயர் கூட். 1760 இல் வந்தவாசியில் பிரெஞ்சுக்காரரை முறியடித்துப் பெயர் பெற்றவர். இப்போது ஐம்பத்தைந்து வயது, நோயாளி. 1781 பிப்ரவரியில் கடலூரை அடைந்தவர், ஜூன் வரையில் அங்கிருந்து பெரிய காரியமாக ஒன்றும் செய்ய முடியாமல் முடங்கிக் கிடந்தார். சிப்பாய்கள் இருந்தார்கள், பீரங்கி இருந்தது, தைரியத்துக்கும் குறைவில்லை. இழுக்க மாடுதான் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியார் மாட்டுக்கென்று சொந்தமாக ஒரு ஸ்தாபனம் வைத்துக்கொள்ளாமல், குத்தகைக்காரர்களிடம் விட்டிருந்தார்கள். தலைக்கு இத்தனை என்று பணம் வாங்கும் குத்தகைக்காரன் தீவனத்தில் மிச்சம் பிடிப்பான். பட்டியலில் கொழுத்த எருது நிற்கும், களத்தில் எலும்பும் தோலும் நிற்கும். வங்காளத்தில் நடந்த இத்தகைய மாட்டுக் குத்தகை ஒன்று பின்னாளில் வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகளிலேயே இடம் பெற்றது என்றால், அந்த ஊழலின் பரிமாணம் விளங்கும்.

ஜூன் 18 இல் கூட், ஹைதரின் ஆட்கள் கோட்டையாக்கிக்கொண்டு தானியம் சேர்த்துவைத்திருந்த சிதம்பரம் கோயில் மேல் பாய்ந்தார். உள்ளே சிலர்தான் இருப்பதாகக் கிடைத்த தகவல் தவறாகப் போயிற்று. மதில்களைத் தாண்டி உட்சென்ற சிப்பாய்கள் பலத்த சேதத்தோடு துரத்தப்பட்டுப் பரங்கிப்பேட்டைப் பக்கம் ஒதுங்கினார்கள். ஹைதர் அப்போது நெடுந்தொலைவில், காவிரிப் பக்கத்தில் இருந்தார். செய்தி கிடைத்ததும் அவர் செய்த பிரயாணந்தான் இந்தக் கட்டுரைக்கே காரணம்: நூறு மைல் தூரத்தை, பீரங்கிகளோடு, இரண்டரை நாளில் கடந்து வந்து கூட்டுக்கும் கடலூருக்கும் நடுவே குறுக்கே நின்றார். இதை நம்மூர்க் கணக்கில் சொல்வதானால், விருத்தாசலத்திலிருந்து கடலூருக்குள்ள தூரத்தைப் போல ஒன்றை ஒவ்வொரு நாளும் கனத்த பீரங்கி வண்டிகளை இழுத்துக்கொண்டு நடந்து முடித்தன அந்த எருதுகள். தார்ச்சாலை இல்லை, பாலம் இல்லை, சூரியன் சுட்டெரிக்கும் ஆனி மாதம். அக்காலத்து மாட்டுப் படை ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்தால் நன்றாக நடந்ததாகப் பொருள். மைசூர் கெஜட்டியரை எழுதியவர்கள் அந்த மந்தையின் புகழைச் சொல்லப் புகுந்து, எடுத்த எடுப்பில் குறிப்பிடுவது இந்தச் சிதம்பரப் பிரயாணத்தைத்தான்.

ஜூலை முதல் தேதி பரங்கிப்பேட்டையில் யுத்தம். கூட்டிடம் ஏறத்தாழ எட்டாயிரத்து ஐந்நூறு பேர். ஹைதரிடம் அதைப்போலப் பல மடங்கு. ஆயினும் கூட் நேரே போய் முட்டாமல், கடலோரத்து மணல்மேடுகளின் மறைவில் பக்கவாட்டாக நகர்ந்து, ஜெனரல் ஸ்டூவர்ட் தலைமையிலான இரண்டாம் அணியைக் கொண்டு மேடுகளைப் பிடித்துவிட்டார். கடலில் நின்ற சிறு கப்பலொன்றும் சுட்டு உதவியது. ஹைதரின் மைத்துனர் மீர் சாகிப் படுகாயமடைந்து வீழ்ந்தார். ஹைதரோ ஒரு மேட்டின்மேல் முக்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தம் படை பின்வாங்குகிறது என்பதை ஏற்க மறுத்து, எழுந்திருக்கவே மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். பக்கத்திலிருந்த அமீர்களுக்கெல்லாம் வாய் திறக்கப் பயம். கடைசியில் குதிரைக்கொட்டிலில் வேலைபார்த்து, எதையும் முகத்துக்கு நேரே பேசும் சலுகை பெற்றிருந்த ஒரு கிழட்டு ஆள் முன்னே வந்து, அவர் கால்களை இழுத்துச் செருப்பை மாட்டி, நாளைக்கு அவர்களை ஜெயித்துக்கொள்ளலாம், இப்போது குதிரை ஏறும் என்று சொல்லி எழுப்பிவிட்டானாம். ராஜ்யத்தில் அத்தனை பேருக்கு இல்லாத உரிமை கொட்டில்காரனுக்கு இருந்தது. ஹைதர் யாரோடு பழகி வளர்ந்தவர் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தச் சான்றும் காட்டாது.

தோல்வி தோல்விதான். ஆனால் யுத்தம் முடிந்த மாலையில் கூட் தம் வெற்றியின் பலனை எண்ணிப் பார்த்தபோது, கையில் சிக்கிய பீரங்கி ஒன்றுகூட இல்லை. பகைவன் கண்ணுக்கெதிரே, சுடும் தூரத்துக்குள்ளேயே, மைசூர் எருதுகள் ஒவ்வொரு பீரங்கியையும் மணலிலிருந்து இழுத்துக்கொண்டு போய்விட்டன. துரத்திப் போகக் கூட்டிடம் மாடு இல்லை. பீங்கான் சூளையில் எல்லோர் கண்ணிலும் படுவது நெருப்பு. மண்ணை அரைத்துச் சலித்து, ஊறவைத்து, அச்சில் வார்த்து, நிழலில் உலர்த்தும் நாட்களில்தான் பாண்டத்தின் தலையெழுத்து தீர்மானமாகிறது என்பதை விருத்தாசலத் தொழிற்பேட்டையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பரங்கிப்பேட்டையில் அந்தப் பீரங்கிகள் தப்பியதற்கான காரியமும் மைசூர்க் காவல்களில் இருபது வருஷத்துக்கு முன்பே தொடங்கியிருந்தது. ஆகஸ்டில் மறுபடி பொள்ளிலூரிலும் செப்டம்பரில் சோளிங்கரிலும் இதே கதை சிறு மாறுதல்களோடு நடந்தது. கூட் களத்தை வென்றார், ஹைதர் சேனையைக் காப்பாற்றிக்கொண்டார்.

அதற்குள் ஹைதர் முதுகில் ராஜபிளவை கண்டிருந்தது. தரையில் ஆங்கிலேயரின் வளங்களை அழிக்க முடியும், கடலை வற்றவைக்க என்னால் முடியாதே என்று கடைசிக் காலத்தில் அவர் தம் மந்திரியிடம் மனம் கசந்து பேசியதாகச் சொல்வார்கள். 1782 டிசம்பர் 7 இல், சித்தூருக்கு அருகே நரசிங்கராயன்பேட்டைப் பாளையத்தில் உயிர் பிரிந்தது. மகன் திப்பு மலையாளக் கரையிலிருந்து வந்து சேரும்வரை மரணத்தை வெளியே விடாமல், உடலைப் பெட்டியில் வைத்து, கஜானா போகிறது என்று பேர்பண்ணிக் கோலாருக்கு அனுப்பிவைத்தார்கள். கூட்டும் ஐந்து மாதத்துக்குள், 1783 ஏப்ரலில், சென்னையில் இறந்துபோனார்.

எஜமானனைவிட மந்தை நீண்டகாலம் வாழ்ந்தது. திப்பு அதற்கு ‘அம்ருத் மஹால்’ என்று பெயர் மாற்றி, கன்று எண்ணுவது முதல் மேய்ச்சல் மாற்றுவது வரை எழுத்துமூலமாகச் சட்டதிட்டம் வகுத்தார். 1799 இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் மாடுகள் கம்பெனியின் யுத்தத் தேவைக்கு உரியவையாயின. அப்போது மைசூரில் இருந்த ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாளில் வெல்லிங்டன் பிரபுவாக ஸ்பெயின் தேசத்து மலைகளில் நெப்போலியன் தளபதிகளோடு மல்லாடியபோது, அம்ருத் மஹால் மாடுகள் இங்கே இல்லையே என்று பலமுறை ஏங்கினாராம். மைசூர்க் கச்சேரியின் பராமரிப்பில் சில வருஷம் மந்தை சீரழிந்து போகவே, 1813 இல் கம்பெனியார் அதைத் திரும்ப எடுத்து, படைக்கு உணவும் வண்டிமாடும் வழங்கும் சென்னைக் கமிசேரியட்டைச் சேர்ந்த காப்டன் ஹார்வி என்ற சிப்பாய் அதிகாரியிடம் ஒப்படைத்தார்கள். அவர் பத்து வருஷம் அதோடு கிடந்து பழைய நிலைக்குக் கொண்டுவந்தார். வாளைத் தொங்கவிட்டுவிட்டு மாட்டுக் கணக்கு எழுதிய அந்தப் பத்து வருஷங்களுக்காக, கவனிப்பாரற்ற அந்த ஹார்விக்கு இங்கே ஒரு வந்தனம் சொல்லிவிட்டுப் போகிறேன்.

1860 இல் சென்னை ஆளுநர் சர் சார்லஸ் டிரெவெல்யன், செலவுச் சுருக்கம் என்ற பெயரில் ஸ்தாபனத்தைக் கலைத்து மந்தையை ஏலம் விட்டார். எகிப்து தேசத்துப் பாஷா பெரும்பகுதியை வாங்கிக்கொண்டு போனார். சில வருஷத்திலேயே படைக்கு மாடு கிடைக்காமல் திண்டாடி, 1866 இல் சிதறியவற்றைத் தேடிப் பொறுக்கி மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. சிக்கனத்தின் பெயரால் அரசாங்கம் செய்யும் மூடத்தனங்களுக்குத் தனியாக ஒரு தொடர் எழுதலாம். 1882 இல் மந்தை மைசூர் சமஸ்தானத்துக்கே திரும்பிற்று. இன்று சிக்கமகளூர் ஜில்லா அஜ்ஜம்புராவில் கர்நாடக அரசின் பண்ணையில் அந்த வம்சம் பாதுகாக்கப்படுகிறது. காவல் நிலங்களோ சுருங்கிக்கொண்டே வருகின்றன. சித்ரதுர்க்கா ஜில்லாவில் சள்ளக்கெரேயை அடுத்த பத்தாயிரம் ஏக்கர் அளவிலான காவல் நிலம், அண்மைக் காலத்தில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் அணுசக்தி, விண்வெளி ஸ்தாபனங்களுக்கும் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டது. அங்கே ஆடுமாடு மேய்த்துவந்த கிராமத்தார் பசுமைத் தீர்ப்பாயம்வரை போனார்கள். பீரங்கிக்கு மாடு வளர்த்த புல்வெளியில் இப்போது ஆளில்லா விமானம் ஓடிப் பழகுகிறது.

வரும் இதழில்: பொள்ளிலூரில் ஒரு காலை இழந்த ஜெனரல் ஸ்டூவர்ட், 1783 ஜூனில் கடலூர்க் கோட்டைக்கு வெளியே பிரெஞ்சுத் தளபதி புஸியோடு மோதியதும், ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டது என்று தெரியாமல் இருதரப்பிலும் சிப்பாய்கள் மடிந்ததும்.